உமா வீட்டுக்காரருக்கு அறுபது நாள் லீவு

மேலகரத்தில் அந்தத் தெருவுக்குப் போய் ஹவில்தார் முத்துராமலிங்கம் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. உமா வீடு என்று கேட்க வேண்டும். கேட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். இது முத்துராமலிங்கத்துக்கே நடந்தது. ஜூன் மாதம் தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோவில் பெட்டியை ஏற்றி, அவர் தெருப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "உமாக்கா வீட்டுக்கா? நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டான் ஆட்டோக்காரன்.

கட்டிய புருஷன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது. "சொந்தக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் அவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். கல்யாணமான முதல் பத்து வருஷத்தில் உமா மகேஸ்வரியை நாலு ஊருக்கு இழுத்தடித்தார். மொத்தம் ஏழு வீடு. மூத்தவள் அனன்யா நாலாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஒரு ஊரில் இந்தியில் வாய்ப்பாடு, இன்னொரு ஊரில் இங்கிலீஷில். இடையில் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ். கடைசியில் எந்தப் பாஷையிலும் பேசுவதில்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டது. டீச்சர் கேள்வி கேட்டால் தலையை ஆட்டும், அவ்வளவுதான். அமைதியான பிள்ளை என்று முத்துராமலிங்கம் தன் கூட்டாளிகளிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பிறகு அவரை லடாக் பக்கம் தூக்கிப் போட்டார்கள். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடம். உமா இரண்டு பிள்ளைகளோடு ஊர்ப்பக்கம் வந்து, குற்றாலம் போகும் ரோட்டில் ஒரு வீடு பிடித்தாள். பால் காய்ச்சி மூன்று மாதம் ஆகவில்லை, சீசன் வந்துவிட்டது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் குளிக்க வருகிற கூட்டத்துக்கு நாள் வாடகைக்கு வீட்டை விடுவது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். இரண்டு மாதத்துக்கு எங்கேயாவது போய் இருந்துவிட்டு வாம்மா என்றார் வீட்டுச் சொந்தக்காரர். எங்கே போவாள்? இடுப்பில் இரண்டு வயதுப் பையன், கையில் வாயில்லாத பெண்பிள்ளை, கூட ராணுவ நம்பர் எழுதிய இரும்புப் பெட்டி. இந்தக் கோலத்தில் மேலகரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை முன்னால் நின்று, இந்தப் பக்கம் வீடு கிடைக்குமா என்று கேட்டாள்.

கடைக்காரர் அப்துல் ஜப்பார். ரியாத்தில் பதினாறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். அவர் வீட்டுக்கு எதிர்வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரி சாவித்ரி கோயம்புத்தூரில் மகனோடு இருந்தாள். ஜப்பார் அங்கேயே நின்று போன் போட்டார். சாவித்ரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புருஷன் எல்லையில நிக்கான், பொண்டாட்டி புள்ளைய சீசனுக்குச் சீசன் தெருவுல நிக்கவா? அவரு பென்ஷன் வாங்கிட்டு வார வரைக்கும் இருக்கட்டும். காலி பண்ணுன்னு நான் வாய் தொறக்க மாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே ஆறு வருஷம் அவள் வாய் திறக்கவில்லை. ஆறு சீசன் போய்விட்டது. உமா முதல் வருஷம் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட யோசித்தாள். இரண்டாம் வருஷம் அலமாரி வாங்கினாள். பாதியில் விட்ட பி.எட். படிப்பை முடித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். எப்போதும் பாதி அடுக்கியபடியே இருந்த இரும்புப் பெட்டி, துணி விரித்து மிக்ஸி வைக்கிற மேஜையாகிவிட்டது. அனன்யா ஒரே பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்து இப்போது பத்தாம் வகுப்பு.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர்தான். போனில் கேட்கும்போதெல்லாம் சந்தோஷம்தான் பட்டார். முன்பு வந்த லீவெல்லாம் இருபது நாள், முப்பது நாள். கல்யாணம், கோவில் கொடை என்று ஓடிவிடும். இந்தத் தடவைதான் அறுபது நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. அறுபது நாள் என்பது ஒரு மனிதன் தன் வீட்டை உட்கார்ந்து பார்த்து வயிறெரிவதற்குத் தாராளமான நேரம்.

மூன்றாம் நாள் காலையில் மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. எட்டு வயது ஸ்ரீகணேஷ் உடனே கேட்டைத் திறந்துகொண்டு ஓடினான்.

"எங்கலே ஓடுத?"

"ஜப்பார் மாமாவக் கூட்டிட்டு வாரேன்."

"நில்லு. நான் எதுக்கு இருக்கேன்?"

பையன் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கு நம்ம மோட்டார் தெரியாதுப்பா" என்றான், அவர் மனம் புண்படக் கூடாதே என்கிற மாதிரி.

பனியில் உறைந்து நின்ற லாரிகளை எழுப்பி நடக்க வைத்த கை. அந்தக் கை அரைக் குதிரைத்திறன் மோட்டாரை அக்கக்காகக் கழற்றிச் சாக்கில் பரப்பியது. வீட்டுத் திருப்புளி வேண்டும் என்றால் அது ஜப்பார் வீட்டில் இருந்தது; பையனை அனுப்பித் திருப்பிக் கேட்டு வாங்கினார். நாலு மணி நேரம் கழித்துப் பூட்டிப் போட்டால், மோட்டார் முன்பைவிட நன்றாக ஓடியது. தண்ணீர்தான் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஜப்பார் கேட்டுக்குள் தலையை நீட்டினார்.

"என்ன மாப்ள, குடல உருவிப் போட்டிருக்கிய? மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. காத்து அடைச்சிருக்கும். அந்தக் குழாய் வாயில ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார். தண்ணீர் வந்தது. ஸ்ரீகணேஷ் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாப்ள என்று கூப்பிட்டாரே, அதுவும் முத்துராமலிங்கத்துக்கு உறுத்தியது. பிள்ளைகளுக்கு ஜப்பார் மாமா. அப்படியென்றால் உமாவுக்கு அண்ணன், தனக்கு மச்சான். ஜப்பாரின் மனைவி சைதூன் பீவி உமாவுக்கு மைனி. இந்த உறவெல்லாம் அவரைக் கேட்காமலே முடிவாகி, தெருவே ஒப்புக்கொண்டு, ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் அலமாரி மேலிருந்து ஒரு காக்கி உறையை எடுத்தார். உள்ளே எக்ஸ்ரே. சின்னக் கை. ஸ்ரீகணேஷ் பெயர், போன டிசம்பர் தேதி.

"இது என்ன உமா?"

"விழுந்துட்டான். சின்ன விரிசல். இப்ப நல்லாயிருக்கு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பனி கொட்டுது, நாலு நாளைக்கு லைன் கிடைக்காதுன்னு அன்னைக்குத்தான் சொன்னிய. சொல்லியிருந்தா அங்கன இருந்துக்கிட்டு என்ன செய்வீங்க? சோறு எறங்காது, அவ்வளவுதான்." அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "ஜப்பார் அண்ணன்தான் தூக்கிட்டு ஓடினாங்க. சைதூன் மைனி ரெண்டு நாள் இங்கனயே படுத்துக்கிட்டாங்க. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைச் சுட்டது. யாரும் வரவில்லை, தனியாகக் கிடந்து அழுதேன், நீங்கள் இல்லையே என்று தவித்துப் போனேன் என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படி நினைப்பது அசிங்கம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நினைத்தார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் தெருவைத் தூக்கியது. யாரோ மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தார். அனன்யா. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்காக ஜப்பாரையும் சைதூன் பீவியையும் நாற்காலியில் உட்கார வைத்து, கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். இவர் மாடி ஏறினதும் பேச்சை நிறுத்திவிட்டாள். "நீங்க கீழ போங்கப்பா, எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள்.

கீழே வந்தார். பெற்ற அப்பன் கீழே, கடைக்காரர் மேலே நாற்காலியில். வயிற்றில் அடுப்பு வைத்த மாதிரி எரிந்தது.

லீவு முடிந்ததும் அவர் போகப் போவது ஜபல்பூர். அங்கே குடும்பத்துக்கு குவார்ட்டர்ஸ் கிடைக்கும். வருகிறாயா என்று உமாவிடம் கேட்கத்தான் வேண்டும் என்று ரயிலில் நினைத்துக்கொண்டு வந்தவர். இப்போது கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் காலை உமா பள்ளிக்கூடம் போனதும் சாவித்ரிக்கு போன் போட்டு, நாங்கள் வீட்டைக் காலி செய்கிறோம், மாதக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"சேந்து இருக்கப் போறிய, நல்லதுதான் தம்பி" என்று சொல்லி சாவித்ரி போனை வைத்தாள்.

பட்டாளத்திலேயே கிடந்த மனிதருக்கு ஒன்று மறந்துவிட்டது. வேறு எந்த ஊரில், வேறு எந்த மாதத்தில் இப்படிச் சொல்லியிருந்தாலும் ஆற அமரப் பேச நேரம் இருந்திருக்கும். சாரல் அடிக்கிற நாளில், அருவிக்கு இத்தனை பக்கத்தில், ஒரு வீடு காலியாகப் போகிறது என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஒன்பது காதில் விழுந்துவிடும். சாவித்ரி தென்காசியில் இருக்கும் தங்கை மகனிடம் சொன்னாள். அவன் சீசன் வீடு பிடித்துக் கொடுக்கிற குற்றாலிங்கத்திடம் சொன்னான். குற்றாலிங்கம் அன்று மாலையே மாதக் கடைசி முதல் இரண்டு மாதத்துக்கு வீட்டைப் பேசி முடித்துவிட்டார்.

மறுநாள் காலை கேட் முன்னால் ஒரு டெம்போ வந்து நின்றது. நிறைய இரும்புக் கட்டில். டிரைவர் இறங்கி உமாவிடம், "முன்னாலயே கொண்டுவந்து போடச் சொன்னாங்க அக்கா. இங்கன வாசல்லயே எறக்கிக்கிடட்டுமா?" என்று கேட்டான்.

உமா ஸ்கூலுக்குப் புறப்பட்டு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றாள். டிரைவர் விவரம் சொன்னான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் சொன்னியளா?"

"ஜபல்பூர்ல குவார்ட்டர்ஸ் தருவாங்க. எல்லாரும் சேந்து இருக்கலாம்னுதான்…"

"கூப்பிட்டா வருவேன். ஏழு வீட்டுக்கு வந்தேம்லா. ஆனா கேட்டுட்டுக் கூப்பிடணும்." அவள் சத்தம் போடவில்லை. "நான் உங்க சாமான் இல்ல, லோடு ஏத்திட்டு அப்புறம் சொல்லுததுக்கு."

டிரைவர் கட்டில்களை இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனான்.

அனன்யாவுக்கும் தெரிந்தது. அவள் அழுது ரகளை செய்வாள் என்று அப்பா எதிர்பார்த்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. சாப்பிடுகிறாயா என்றால் தலையை ஆட்டினாள். போட்டி எப்போது என்றால் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு நாள். மூன்றாம் நாள், அவள் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள் என்று உமா சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த முத்துராமலிங்கம் மகளைப் பார்த்தார். இந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நாலு ஊரில், ஏழு வீட்டில் பார்த்த முகம். இதைத்தான் அமைதியான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

ஜப்பார் கடைக்குப் போனார். ஜப்பார் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்" என்றார் முத்துராமலிங்கம். அதுதான் முதல் தடவை. "தப்பு பண்ணிட்டேன். உங்க மேல எனக்கு வயித்தெரிச்சல். அதுல போன் பண்ணிட்டேன்."

"தெரியும் மாப்ள. திருப்புளியத் திருப்பிக் கேட்ட அன்னைக்கே தெரியும்." ஜப்பார் ஆணியைக் காகிதத்தில் கொட்டி மடித்தார். "நான் ரியாத்துல கெடந்தப்ப என் வீட்லயும் மோட்டார் கெட்டுருக்கும், பிள்ளை விழுந்துருக்கும். எவனோ பாத்திருக்கான். எவன்னு நான் கேட்டதே இல்ல. வந்து எறங்கின மறுநாள் என் பெரியவன், எப்ப திரும்பிப் போவிய வாப்பான்னு கேட்டான். இப்ப அவன் சார்ஜாவுல. போன் பண்ணினா ரெண்டு வார்த்த, வச்சிருவான். உங்க ஸ்ரீகணேஷு நீங்க வாரதுக்கு மூணு நாளு முன்னாலயே வாசல்ல நிக்க ஆரம்பிச்சிட்டான். எதிர்வீட்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கும் எரியத்தான் செஞ்சுது."

ஜப்பார் கடைப் பையனிடம் கல்லாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குற்றாலிங்கத்திடம் போனார்.

குற்றாலிங்கம் கெட்டவர் இல்லை, ஆனால் சீசனில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "மதுரையில இருந்து ஆளு வருது அண்ணாச்சி. நான் எங்க கொண்டு போய்ப் படுக்க வைக்க? அதே தெருவுல நாலு ரூம் காட்டுங்க, வீட்ட விட்டுருதேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்" என்றார்.

வெளியே வந்ததும் முத்துராமலிங்கம் ஜப்பார் முகத்தைப் பார்த்தார்.

"என் மாடி ரூம் ஒண்ணு. மத்த மூணுக்கு நீங்களே போய்க் கேளுங்க மாப்ள. நான் கேட்டா எனக்காகத் தருவாங்க. அது நல்லா இருக்காது."

எல்லையில் நின்றவர் அந்தத் தெருவில் கதவு கதவாகத் தட்டினார். முதல் வீட்டில், "நான் முத்துராமலிங்கம், ஹவில்தார்" என்றார். யாரு வேணும் என்றார்கள். இரண்டாவது வீட்டில் ராணுவத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள், அறையைப் பற்றிப் பேச்சில்லை. மூன்றாவது முப்பிடாதியம்மாள் வீடு. இரண்டே அறை. அவர் இந்தத் தடவை, "நான் உமா வீட்டுக்காரன்" என்றார்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள வாங்க." முப்பிடாதியம்மாள் முழுவதும் கேட்டாள். "முன் ரூம எடுத்துக்கிடச் சொல்லுங்க. நான் அடுப்படில படுத்துக்கிடுவேன். அந்தப் பொண்ணு போயிட்டா எனக்கு தினமும் காலைல இன்சுலின் யாரு போடுவா?"

அவருக்கு இது புதுச் செய்தி. பிறகு கேட்ட இரண்டு வீட்டிலும் வேறு செய்திகள் கிடைத்தன. ஒரு வீட்டுப் பையனுக்கு உமா கணக்குச் சொல்லிக்கொடுத்தாளாம், இன்னொரு வீட்டுப் பிரசவத்துக்குத் துணைக்குப் போய் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். தெரு தன் மனைவிக்கு உதவுகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அவள் இல்லாமல் தெருவுக்கு ஆகாது என்று தெரிந்தபோது, நன்றிகூட வந்தது, அதற்கு முன்னால் பொறாமை வந்துவிட்டது. தான் இல்லாமல் ஆகாது என்று சொல்ல இந்தத் தெருவில் ஒரு ஆள்கூட இல்லை.

நாலு அறையும் கிடைத்தன. சாவித்ரிக்கு போன் போட்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும் என்றார்.

"வீட்ட நான் உங்களுக்குக் குடுக்கல தம்பி, உமாவுக்குக் குடுத்தேன்" என்றாள் சாவித்ரி. "போன அவ கையில குடுங்க."

கொடுத்தார். இரண்டு பெண்களும் அரை மணி நேரம் பேசினார்கள், அவரைப் பற்றித்தான் என்று சிரிப்பிலிருந்து தெரிந்தது. போனை வைத்த பிறகு உமா, "இந்த வருஷம் இவ பத்தாவது. எங்கயும் வர முடியாது. கோடை லீவுல ஜபல்பூருக்கு வாரோம், ஒரு மாசம் இருக்கோம்" என்றாள். அவர் சரி என்றார். 

கட்டில்களை அவரேதான் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வீட்டிலும் போட்டார். கடைசிக் கட்டிலைத் திருப்பும்போது வழியில் நின்ற அனன்யாவின் காலில் இடித்துவிட்டது. "பாத்துத் தூக்குங்கப்பா, கண்ணு தெரியலியா?" என்று தெரு கேட்கக் கத்தினாள். மகள் திட்டி அவர் இத்தனை சந்தோஷப்பட்டதே இல்லை. மறுநாள் அவள் பெயரைத் திரும்பக் கொடுத்தாள். போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கி வந்து, கோப்பையை முதலில் எதிர்வீட்டில் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

லீவு முடிந்த அன்று மாலை நாலு பேரும் அவரைப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட வந்தார்கள். உமா, பிள்ளைகள், ஜப்பார். முன்பெல்லாம் அவர் கிளம்பும்போது உமா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அனன்யா ஒன்றும் பேசாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள், விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த அழுகையை நினைத்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவார். இன்றைக்கு யாரும் அழவில்லை. போனதும் போன் பண்ணுங்க என்றாள் உமா. ஸ்ரீகணேஷ் ஜன்னலுக்குள் கைவிட்டு அவர் கையைக் குலுக்கினான். ரயில் நகர்ந்தது. நாலு கையும் அசைந்தன.

அவர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் அவர்கள் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பையன் ஜப்பாரிடம் எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அனன்யா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

எதிர் சீட்டில் இருந்த பெரியவரும் அதைப் பார்த்திருந்தார். "குடும்பமா? திரும்பிக்கூடப் பாக்காமப் போறாங்களே" என்றார்.

"வீட்டுக்குப் போறாங்க" என்றார் முத்துராமலிங்கம். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.